விபத்துப் பதிவேட்டின் முதல் வரி: அவசரச் சிகிச்சை ஆவணங்களும் ஓசூர் எல்லைப் பகுதியின் சட்டச் சிக்கல்களும்

2018 நவம்பரில் ஓசூரில் வாழ்ந்துவந்த ஓர் இளம் தம்பதியர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். கணவர் தலித், மனைவி இடைநிலைச் சாதியைச் சேர்ந்தவர். இருவரின் ஊரும் ஓசூரை அடுத்த சூடுகொண்டபள்ளி. உடல்கள் கிடைத்ததோ கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில், சிவனசமுத்திரம் பகுதியின் காவிரியாற்றில். அங்குள்ள காவல்துறைக்கு அவை முதலில் அடையாளம் தெரியாத உடல்கள். அந்த இளைஞர் அணிந்திருந்த சட்டையில் அம்பேத்கர் உருவமும் ஊரின் பெயரும் அச்சிடப்பட்டிருந்தன. உடல்கள் யாருடையவை எனக் கண்டறிய அதுவே உதவியது.

மாநில எல்லையைக் கடந்தால் ஒரு குற்றத்தின் தடயம் எவ்வளவு எளிதாக மங்கிவிடும் என்பதற்கு இந்தக் கொலைகள் சான்று. அங்கே பேசியது ஒரு சட்டை. உயிர் பிழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறவர்களுக்காகப் பேச வேண்டியவை காகிதங்கள்: 108 ஊர்தியின் நோயாளிக் குறிப்பு, விபத்துப் பதிவேட்டின் பதிவு, பரிந்துரைக் கடிதம், காயச் சான்றிதழ். வன்கொடுமை வழக்காயினும், ஆலை விபத்தாயினும், சாலை விபத்தாயினும், பல ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் முதலில் விரிக்கப்படுவது அந்த இரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதப்பட்ட சில வரிகள்தான். அவ்வரிகள் எவ்வாறு எழுதப்படுகின்றன, அவற்றில் நேரும் பிழைகளால் யாருக்கு என்ன இடர் விளைகிறது, அவற்றைச் சரிசெய்யச் சட்டம் என்ன வழி தருகிறது என்பதைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தெந்த ஆவணங்கள்?

அடிதடி, வெட்டு, தீக்காயம், விஷம், சாலை விபத்து, ஆலை விபத்து, பாலியல் வன்முறை ஆகியவற்றால் பாதிக்கப்பட்டு வருவோரின் சிகிச்சை மருத்துவ–சட்ட வழக்காகக் கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இத்தகையோரின் விவரம் விபத்துப் பதிவேட்டில் ஏற்றப்படுகிறது. ‘ஏ.ஆர். காப்பி’ என்று மக்கள் வழக்கில் சொல்லப்படுவது இப்பதிவின் பிரதிதான். பெயர், வயது, முகவரி, அழைத்து வந்தவர், வந்த தேதியும் நேரமும், அங்க அடையாளங்கள், நோயாளி சொன்ன சம்பவ விவரம், காயங்களின் அளவும் இடமும், நினைவுநிலை ஆகியன அதில் இடம்பெறும். இதன் அடிப்படையில் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பப்படுகிறது. பின்னர் காயச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டால் சிகிச்சைக் குறிப்பேடும், வெளியேறும்போது விடுவிப்புச் சுருக்கமும் உருவாகின்றன. கர்நாடக மருத்துவமனைகளிலும் இதற்கு இணையான மருத்துவ–சட்டப் பதிவேடு உண்டு.

சிகிச்சை முதலில், சடங்குகள் பின்னர்

‘காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வாருங்கள்’, ‘இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க மாட்டோம்’ என்ற சொற்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வாகனம் மோதிக் காயமுற்ற ஸ்கூட்டர் ஓட்டுநர் ஒருவரை, மருத்துவ–சட்ட வழக்குகளைக் கையாளும் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுமாறு திருப்பியனுப்பியதில் அவர் வழியிலேயே இறந்தார் என்ற செய்தியே அவ்வழக்குக்கு அடிப்படை. அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிர் காப்பதே முதற்கடமை என்றும், நடைமுறைச் சட்ட விதிகள் அக்கடமைக்குக் குறுக்கே நிற்க முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது.

1996ஆம் ஆண்டின் பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1992 ஜூலையில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற வேளாண் தொழிலாளி ஒருவரை மேற்கு வங்கத்தின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பின. படுக்கை இல்லை, வசதி இல்லை என்பன காரணங்கள். இறுதியில் அவர் தனியார் மருத்துவமனையில் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருடைய சங்கமே வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. அவசரச் சிகிச்சையை மறுத்தது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை மீறிய செயல் எனக் கூறிய நீதிமன்றம், 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

அத்தீர்ப்பில் பலரும் கவனிக்கத் தவறும் பகுதி ஒன்று உண்டு. அச்சம்பவத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு, அவசரப் பிரிவின் பதிவேடு எவ்வாறு பேணப்பட வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. நோயாளியின் பெயர், வயது, முகவரி, நோய், பரிசோதித்த தேதியும் நேரமும், சேர்க்கப்பட்டாரா அனுப்பப்பட்டாரா, எங்கே அனுப்பப்பட்டார் என்பவை எழுதப்பட வேண்டும். பரிசோதித்த மருத்துவர் யார் என்பது பதிவிலிருந்தே தெரிய வேண்டும். சிகிச்சை மறுக்கப்பட்டதை மெய்ப்பிக்க வேண்டுமெனில், நோயாளி அங்கு வந்தார் என்பதற்கே ஆவணம் தேவை. பதிவே இல்லாமல் வாசலிலேயே திருப்பியனுப்புவது இதனால்தான் ஆபத்தானது. அங்கே மறுக்கப்படுவது சிகிச்சை மட்டுமன்று, மறுப்புக்கான சான்றும்கூட.

‘சொல்லப்பட்ட விவரம்’

விபத்துப் பதிவேட்டில் மிகுந்த சர்ச்சைக்குள்ளாவது சம்பவ விவரம் எழுதப்படும் வரி. ‘தெரிந்த மூன்று நபர்கள் கட்டையால் தாக்கியதாகச் சொல்லப்படுகிறது’ என்பது போன்று அது அமையும். முதல் தகவல் அறிக்கையில் ஐந்து பேரின் பெயர் இருந்து, பதிவேட்டில் மூன்று பேர் என்று இருந்தால், குறுக்கு விசாரணையில் அந்த முரண்பாடு எழுப்பப்படும். ‘தெரிந்த நபர்கள்’ என்பதற்குப் பதில் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று எழுதப்பட்டிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. ‘தானே தவறி விழுந்தார்’ என்று எழுதப்பட்டிருந்தால், தாக்குதல் வழக்கு மட்டுமன்றி வாகன விபத்து இழப்பீட்டு வழக்கும் ஆட்டங்காணும்.

எனினும், இம்முரண்பாடுகளாலேயே வழக்கு தோற்றுவிடும் என்று கருத வேண்டியதில்லை. பட்டிபாட்டி வெங்கையா வழக்கில் (1985), தாக்கியவர்களின் பெயர்களை மருத்துவரிடம் சொல்லவில்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. குற்றம் செய்தவர் யார் என்பது மருத்துவரின் கவலையன்று. உயிரைக் காப்பதும் காவல்துறைக்குத் தெரிவிப்பதுமே அவர் பணி என்று அத்தீர்ப்பு விளக்கியது. நேரில் கண்ட சாட்சியம் நம்பத்தக்கதாயின், மருத்துவச் சான்று அதனை முற்றிலும் இயலாததாக்கினாலன்றி அச்சாட்சியம் நிற்கும் என்பது சோலங்கி சிமன்பாய் வழக்கின் (1983) நிலைப்பாடு. கீழமை நீதிமன்றங்களில் பாதிக்கப்பட்டோர் தரப்பு வழக்கறிஞர்கள் இவ்விரு தீர்ப்புகளையும் கையில் வைத்திருத்தல் நலம்.

நோயாளி இறந்துவிட்டால் அதே வரி வேறொரு தகுதியைப் பெறுகிறது. இறந்தவர் தம் மரணத்துக்கான காரணம் குறித்துச் சொன்ன கூற்று, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 26ஆம் பிரிவின்படி சான்றாகும். அது மருத்துவரிடம் சொல்லப்பட்டதாகவும் இருக்கலாம். மரண வாக்குமூலத்துக்கு மருத்துவரின் உடற்தகுதிச் சான்று இருந்தே தீர வேண்டும் என்பதில்லை என்று லட்சுமண் வழக்கில் (2002) ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியுள்ளது. ஆயினும் நோயாளி நினைவுடன் பேசினார் என்ற ஒரு குறிப்பு பின்னாளைய விவாதங்களைப் பெருமளவு தவிர்க்கும்.

2023 ஏப்ரலில் ஊத்தங்கரை அருகே அருணபதியில், தலித் பெண்ணை மணந்த மகனையும் தன் தாயையும் ஒருவர் வெட்டிக் கொன்ற வழக்கில், படுகாயத்துடன் உயிர் பிழைத்தவர் அந்தப் பெண். மருத்துவமனையில் இருந்த அவரிடம் நீதித்துறை நடுவர் வாக்குமூலம் பதிவுசெய்தார். உயிருக்குப் போராடுபவர் பேசும் நிலையில் இருக்கும்போதே நடுவரை அழைக்கக் கோருவது உறவினரின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

எந்த மொழியில் சொன்னார்? எந்த மொழியில் எழுதினர்?

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி வட்டாரங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவை ஒரே தெருவில் ஒலிக்கின்றன. சிப்காட் ஆலைகளில் இந்தியும் ஒடியாவும் வங்கமும் பேசும் தொழிலாளர்கள் உள்ளனர். தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசும் தலித் ஒருவர் சொன்னதை உடன் வந்தவர் தமிழில் சொல்ல, மருத்துவர் அதை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதுகிறார். இரண்டு மொழிபெயர்ப்புகளைக் கடந்த அந்தச் சுருக்கத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதும், தாக்கியவரின் ஊரும், ஆயுதத்தின் பெயரும் காணாமற்போவது இயல்பு.

அதிலும், மொழிபெயர்த்தவர் யார் என்பது முக்கியம். ஆலை விபத்தில் காயமுற்ற ஒப்பந்தத் தொழிலாளியை மேற்பார்வையாளரே அழைத்துவந்து, ‘அறையில் வழுக்கி விழுந்தார்’ என்று சொன்னால், பணியிடக் காயம் வீட்டுக் காயமாகிவிடுகிறது. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தின் வேலைக்காயப் பலன்களும், தொழிலாளர் இழப்பீட்டுக் கோரிக்கையும் அந்த ஒரு வரியில் சிக்கிக்கொள்ளும். எனவே விவரத்தைச் சொன்னவர் நோயாளியா, உடன் வந்தவரா, எம்மொழியில் சொன்னார் என்பதைப் பதிவில் குறிக்கக் கோர வேண்டும். நோயாளி பின்னர் நினைவு திரும்பிச் சொல்லும் விவரத்தையும் சிகிச்சைக் குறிப்பேட்டில் தேதி, நேரத்துடன் சேர்க்கக் கேட்கலாம்.

காயமும் நாட்களும் மதுவாடையும்

பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு கொடுங்காயத்தின் எட்டு வகைகளைக் கூறுகிறது. எலும்பு முறிவும் பல் உடைதலும் அவற்றில் அடங்கும். கடும் உடல் வேதனையோ அன்றாட வேலைகளைச் செய்ய இயலாமையோ 15 நாட்கள் நீடித்தாலும் அது கொடுங்காயமே. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாட்களாக இருந்தது. ஊடுகதிர்ப் படம் எடுக்கப்படாமலோ, முடிவு வருமுன்னரோ ‘சாதாரணக் காயம்’ எனக் கருத்து எழுதப்பட்டால் குற்றத்தின் பிரிவே இறங்கிவிடும். படத்தின் முடிவு வரும்வரை கருத்தை ஒத்திவைப்பதே சரியான மருத்துவ நடைமுறை. நாட்கணக்கு முக்கியமாகையால், விடுவிப்புத் தேதியும், தொடர் சிகிச்சைக்கு வந்த வெளிநோயாளிச் சீட்டுகளும் சான்றாகும்.

‘மதுவாடை வீசுகிறது’ என்ற குறிப்பும் அப்படித்தான். அது பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தைக் குலைக்கப் பயன்படுகிறது. தொழிலாளர் இழப்பீடு குறித்த சட்ட விதிகளின்படி, மரணமோ நிரந்தர முழு இயலாமையோ நேராத காயங்களில், குடிபோதையே நேரடிக் காரணம் எனில் முதலாளி பொறுப்பிலிருந்து தப்பலாம். ஆனால் வாடை வேறு, போதை வேறு. பேச்சு, நடை, கண்மணியின் நிலை ஆகியவற்றைப் பரிசோதித்தும் இரத்தப் பரிசோதனையின் துணைகொண்டுமே போதை எனும் முடிவுக்கு வர இயலும். வாடையை மட்டும் எழுதிவிட்டுப் பரிசோதனையை விட்டுவிடுவது முழுமையற்ற பதிவு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் மருத்துவ ஆவணமும்

இச்சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய, விபத்துப் பதிவேட்டில் சாதி குறிக்கப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரடியாகத் தெரிந்திருந்தால், சாதியையும் அறிந்திருந்தார் என்றே 8(இ) பிரிவின்படி நீதிமன்றம் அனுமானிக்கும். மருத்துவர் சாதியைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நோயாளி தாமாகவே சாதி வசவைச் சொன்னால் அதை விட்டுவிடவும் கூடாது.

நிவாரணமோ மருத்துவ ஆவணத்துடன் நேரடியாகப் பிணைக்கப்பட்டுள்ளது. 2016இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி கொலை வழக்கில் 8.25 லட்சம் ரூபாய் நிவாரணத்தில் பாதி, உடற்கூறாய்வுக்குப் பின் வழங்கப்பட வேண்டும். வன்புணர்வு வழக்கில் 5 லட்சம் ரூபாயில் பாதி, மருத்துவப் பரிசோதனைக்கும் அதை உறுதிசெய்யும் அறிக்கைக்கும் பின் வழங்கப்பட வேண்டும். அறிக்கை தாமதமானால் நிவாரணமும் தாமதமாகும். மருந்து, சிறப்பு மருத்துவ ஆலோசனை, இரத்தம் ஏற்றுதல் ஆகியவற்றுக்கான செலவைத் திரும்பப் பெறவும் 11ஆம் விதி இடமளிக்கிறது. எனவே மருந்துக் கடைச் சீட்டு ஒவ்வொன்றும் பாதுகாக்கப்பட வேண்டிய ஆவணம்.

பாலியல் வன்முறையும் காவல் வன்முறையும்

பாலியல் வன்முறைக்குள்ளானோருக்கு அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் உடனடியாக இலவசச் சிகிச்சை அளித்து, காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு. மறுத்தால் நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 184ஆம் பிரிவின்படி நடக்கும் பரிசோதனைக்குப் பெண்ணின் ஒப்புதல் பதிவாக வேண்டும். தொடங்கிய, முடிந்த நேரங்கள் எழுதப்பட வேண்டும். அறிக்கை 7 நாட்களுக்குள் விசாரணை அதிகாரிக்குச் செல்ல வேண்டும். இருவிரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது. அதை நடத்துவோர் தவறிழைத்தவராகக் கருதப்படுவர் என 2022 அக்டோபரில் எச்சரித்தது. ‘பழகியவர்’ என்ற பொருள்படும் எந்தச் சொல்லும் அறிக்கையில் இடம்பெறலாகாது.

கைதானவரின் மருத்துவப் பரிசோதனையை 53ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. காயங்களையும் அவை ஏற்பட்ட உத்தேச நேரத்தையும் மருத்துவர் எழுத வேண்டும். அறிக்கையின் பிரதி கைதானவருக்கோ அவர் குறிப்பிடுபவருக்கோ தரப்பட வேண்டும். காவலில் உள்ளவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது டி.கே. பாசு வழக்கின் (1996) நெறி. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும், சிறைக்கு அனுப்பத் தகுதியானவர்கள் என்ற மருத்துவச் சான்றுடன்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குச் சென்றனர். அடுத்த சில நாட்களில் இருவரும் இறந்தனர். பார்த்ததை எழுதாமல் விடும் கையொப்பம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு அன்று அறிந்துகொண்டது.

எல்லை தாண்டும் நோயாளி

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தலைக்காயம் என்றால் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குச் செல்வோர் பலர். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கும் தருமபுரிக்கும் சேலத்துக்கும் அனுப்பப்படுவோரும் உண்டு. எல்லை தாண்டுவோருக்கு மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, தகவல் செல்லும் இடம். பெங்களூரு மருத்துவமனையின் தகவல் அந்நகரக் காவல் நிலையத்துக்கே செல்லும். குற்றம் நடந்ததோ தளியிலோ பாகலூரிலோ. 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவுசெய்தாக வேண்டும். பின்னரே உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். ‘எங்கள் எல்லை இல்லை’ என்ற பதில் இனிச் செல்லாது.

இரண்டாவது, முதற்பதிவு. ஓசூரில் முதலுதவி மட்டும் அளித்து அனுப்பும்போது விபத்துப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டால், காயத்தின் முதல் ஆவணம் பல மணி நேரம் கழித்து வேறொரு மாநிலத்தில் உருவாகும். அந்த இடைவெளியைத்தான் எதிர்த்தரப்பு ‘ஜோடிக்கப்பட்ட வழக்கு’ என்று நிரப்பும்.

மூன்றாவது, உடற்கூறாய்வு. 2023 அக்டோபரில் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்தபோது இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு ஏழைக் குடும்பங்களின் இளைஞர்கள். இத்தகைய மரணங்களில் இறப்புச் சான்று, உடற்கூறாய்வு அறிக்கை, பிணவிசாரணை அறிக்கை ஆகிய அனைத்தும் அண்டை மாநிலத்தில் உருவாகின்றன; சிலவேளை கன்னடத்தில். இழப்பீட்டுக்கு அவற்றின் சான்றளிக்கப்பட்ட பிரதிகளும் மொழிபெயர்ப்புகளும் தேவைப்படும்.

சாலை விபத்தில் சிக்குவோருக்குத் தமிழ்நாட்டு எல்லைக்குள் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய இத்திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. பிற மாநிலத்தவரும் இதில் அடங்குவர். விபத்து நேர்ந்த இடமும் நேரமும் சரியாகப் பதிவாவது இதற்கும் அவசியம்.

மருத்துவர்களுக்கான இடர்

நல்ல பதிவு மருத்துவரையும் காக்கும். நேரம் குறிக்கப்படாத பதிவு, பின்னர் அடித்துத் திருத்தப்பட்ட சொல், பெயரில்லாத கையொப்பம் ஆகியன அவரையே சாட்சிக் கூண்டில் தடுமாற வைக்கும். திருத்தம் தேவையெனில் பழைய சொல் தெரியும்படி ஒரு கோடிட்டு, தேதியும் நேரமும் கையொப்பமும் இடுவதே முறை. பொய்ச்சான்று வழங்குவது நியாய சன்ஹிதாவின் 234ஆம் பிரிவின்படி குற்றம். வன்கொடுமை வழக்கில் குற்றவாளியைக் காக்கும் நோக்கில் தடயத்தை மறைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(vi) பிரிவு பாயும்.

‘மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறுகிறேன்’ என்ற படிவத்தில், படித்துக்காட்டாமல் பெருவிரல் ரேகை வாங்குவதும் இடருக்குரியதே. புரிந்து அளிக்கப்படாத ஒப்புதல் ஒப்புதலாகாது. உறவினர்கள் அப்படிவத்தில் ‘படுக்கை இல்லை எனச் சொல்லப்பட்டதால் செல்கிறோம்’ என உண்மைக் காரணத்தைத் தாமே எழுதிக் கையொப்பமிடலாம்.

பிரதி பெறுவதும் பாதுகாப்பதும்

2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் மூன்றாண்டுகள் கடந்துவிடலாம் என்பதால், கேட்பதைத் தள்ளிப்போடலாகாது. அரசு மருத்துவமனையாயின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம்; உயிர், சுதந்திரம் சார்ந்த தகவலுக்கு அச்சட்டம் விதிக்கும் கால வரம்பு 48 மணி நேரம்.

மருத்துவமனைக்கு உடன் செல்லும் தோழர்கள் செய்ய வேண்டியவை:

1. வந்த நேரம், பணியிலிருந்த மருத்துவரின் பெயர், பதிவேட்டு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. நோயாளி பேசும் நிலையில் இருந்தால் அவரையே பேசவிடுங்கள். அவருக்குப் பதிலாகப் பெயர்களை அடுக்காதீர்கள், தெரியாததைச் சேர்க்காதீர்கள்.
3. எல்லாக் காயங்களையும் காட்டச் சொல்லுங்கள். வெளியே தெரியாத வலியையும் சொல்ல வேண்டும்.
4. அனுப்பப்படும் முன் விபத்துப் பதிவேட்டில் ஏற்றப்பட்டதா எனக் கேளுங்கள். பரிந்துரைக் கடிதத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.
5. இரத்தக்கறை படிந்த, கிழிந்த உடைகளைத் துவைக்காமல், தூக்கியெறியாமல் ஒப்படையுங்கள்.
6. பதிவில் பிழை கண்டால் கண்காணிப்பாளருக்கு அன்றே எழுத்துமூலம் மனு அளித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்குங்கள்.
7. வார்டில் வாக்குவாதத்தைத் தவிருங்கள். மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் பிணை கிடைக்காத பிரிவு உண்டு. நீதி கேட்டுப் போனவர்கள் மீதே வழக்குப் பாய்ந்தால், அது எதிர்த்தரப்புக்குச் சமரசப் பேச்சுக்கான கருவியாகிவிடும்.

சேரியிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்தும் நள்ளிரவில் மருத்துவமனைக்குச் செல்வோரிடம் வழக்கறிஞர் இருப்பதில்லை; பெரும்பாலும் பணமும் இருப்பதில்லை. அவர்களுக்குத் துணையாக உடன் செல்லும் ஒருவர், எழுதப்படும் அந்த முதல் வரியைக் கவனித்துக் கேட்டால் போதும். வழக்கின் அடித்தளம் அங்கேயே போடப்பட்டுவிடும். ஒவ்வொரு ஊரிலும் அத்தகைய இருவரையேனும் பயிற்றுவிப்பது, ஓசூர் வட்டார இயக்கங்களும் மாணவர் அமைப்புகளும் உடனே மேற்கொள்ளத்தக்க பணி.